பாட மறுத்த பெயர்கள்

பிரேசிலின் கிதார் மேதை பேடன் பவல், தம் கடைசிக் காலத்தில் ஒரு சொல்லை உச்சரிக்க மறுத்தார். ‘சரவா’ என்பது அந்தச் சொல். ஆப்பிரிக்க வழிவந்த பிரேசில் சமயங்களில் அடியவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தவும் தெய்வங்களை வணங்கவும் சொல்வது. அந்தச் சொல்லைக் கடல்தாண்டிக் கொண்டுபோனதில் அவருடைய இசைக்கே பெரும் பங்கு உண்டு. 1990களின் பிற்பகுதியில் அவர் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவரானார். அதன்பிறகு பழைய தெய்வங்களின் பெயர்கள் அவர் நாவுக்கு ஆகாதவையாகிவிட்டன.

ரசிகர்கள் வருந்தினார்கள். இசைக்கு ஏது மதம் என்றார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்தப் பதில் போதுமானதா? தெய்வத்தை அழைப்பதற்கென்றே பிறந்த பாடலை, அந்தத் தெய்வத்தை நம்பாதவர் பாடலாமா? நம்பியவர் ஒருநாள் நம்பிக்கையை மாற்றிக்கொண்டால் பாடல் யாருடையது? பவலின் வாழ்க்கை இந்தக் கேள்விகளிலிருந்து நம்மை எளிதில் தப்பிக்க விடுவதில்லை.

ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் வாரே-சாய் என்ற சிற்றூரில் 1937இல் பிறந்தவர் அவர். தந்தைக்குச் சாரணர் இயக்கத்தின் மீது இருந்த பற்றால் அதன் நிறுவனர் பெயரையே மகனுக்குச் சூட்டினார். வயலின் வாசிக்கும் அந்தத் தந்தையின் வீட்டுக் கச்சேரிகளுக்குப் பிக்சிங்கின்யா போன்ற இசைப் பெரியவர்கள் வந்துபோவார்கள். மெய்ரா என்ற ஆசிரியரிடம் கிதார் பயின்ற பையன், சில ஆண்டுகளில் ரியோவின் கோப்பகபானா பகுதி மதுக்கூடம் ஒன்றில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். 1967இல் பெர்லின் ஜாஸ் விழாவில் ஜிம் ஹால், பார்னி கெசல் ஆகியோர் பங்கேற்ற கிதார் நிகழ்ச்சியில் அவரும் வாசித்தார். ஜாஸ் உலகம் அவரைத் தன் ஆளாகவே ஏற்றுக்கொண்டது.

ஆனால் அவர் விரல்களுக்குள் இருந்தது வேறொரு ஊர்: பாயியா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்கள் தெய்வங்களை மறைத்துவைத்துக் காப்பாற்றிய மாநிலம். 1960களின் தொடக்கத்தில் அங்கே போன பவல், கபோயிரா என்ற தற்காப்பு ஆட்டத்தையும் அதற்கு வாசிக்கும் பெரிம்பாவையும் நெருங்கிக் கேட்டார். பெரிம்பாவ் ஒரு வில். மரக்கொம்பை வளைத்து எஃகுக் கம்பி பூட்டி, ஒரு முனையருகே சுரைக்குடுக்கை கட்டியிருப்பார்கள். மெல்லிய குச்சியால் கம்பியைத் தட்டுவார்கள். காசையோ கல்லையோ கம்பியில் அழுத்தினால் ஸ்வரம் ஏறும், எடுத்தால் இறங்கும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களே அதன் ஆதாரம். பவல் கிதாரின் ஆறாவது தந்தியைத் தளர்த்திச் சுருதி இறக்கி, அந்த ஊசலாட்டத்தை அப்படியே கிதாருக்குக் கொண்டுவந்தார். கவிஞர் வினீசியஸ் டி மொராயிஸ் அதற்கு வரிகள் எழுத, ‘பெரிம்பாவ்’ என்ற பாடல் உருவானது.

அயலுறவுத் துறை அதிகாரியாக இருந்த வினீசியஸும் பவலும் வாரக்கணக்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்துகிடந்து, விஸ்கியும் கிதாருமாகப் பாடல்கள் இயற்றியது பிரேசில் இசை உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. அந்தக் கூட்டணியின் உச்சம் 1966இல் ஃபோர்மா நிறுவனம் வெளியிட்ட ‘ஓஸ் ஆஃப்ரோ-சாம்பாஸ்’ என்ற இசைத்தட்டு. இடிமுழக்கத்தின் ஷாங்கோ, கடலின் யெமாஞ்சா, மூலிகை இலைகளின் ஒசான்யா, நாற்சந்தியின் எஷு என்று பல பாடல்களின் தலைப்புகளிலேயே தெய்வங்களின் பெயர்கள் இருந்தன. குவார்தேத்தோ எம் சீ என்ற பெண்கள் குழுவோடு நண்பர்கள் கூடி நின்று கோரஸ் பாடினார்கள். தேர்ந்த குரல்களின் மெருகு அதில் இல்லை. ஊர் கூடிப் பாடும் உயிர் இருந்தது.

அந்தத் தட்டு வெளிவந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். பாயியாவில், ஆப்பிரிக்க வழிவந்த சமயமான கந்தோம்ப்ளேயின் வழிபாட்டு இடங்கள் அப்போது காவல்துறையில் பதிவுசெய்து அனுமதி வாங்கித்தான் விழா நடத்த முடிந்தது. 1976இல்தான் மாநில ஆளுநரின் ஆணை அந்தக் கட்டாயத்தை நீக்கியது. சாமி கும்பிடப் போலீஸ் அனுமதி தேவைப்பட்ட மக்களின் தெய்வங்களை, நகரத்து வரவேற்பறைகளுக்குள் தலைநிமிர்ந்து வரச்செய்தது அந்த இசை. பவல் பின்னாளில் எதைக் கைவிட்டார் என்று எடைபோடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கந்தோம்ப்ளேயில் இசை என்பது வழிபாட்டுக்குத் துணை அல்ல, அதுவே வழிபாடு. மூன்று முழவுகள் உண்டு. தீட்சை பெற்றவர்களே அவற்றை அடிப்பார்கள். ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனித் தாளம். அந்தத் தாளம் ஒலிக்கும்போது ஆடுகிறவர் மேல் அந்தத் தெய்வத்தின் அருள் இறங்கும். நம்மூரில் உடுக்கையும் பம்பையும் ஒலிக்கச் சாமி வந்து ஆடுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே பெயரைச் சொல்வது அழைப்பதுதான்.

இந்த இடத்தில் பவலின் மறுப்புக்கு மரியாதை பிறக்கிறது. வெறும் பாட்டுதானே என்றவர்கள் அந்தத் தெய்வங்களை அலங்காரமாக ஆக்கினார்கள். பவலோ, அழைத்தால் யாரோ வருவார்கள் என்று நம்பியதால்தான் வாயை மூடிக்கொண்டார். பாடலின் ஆற்றலை நம்புவதில் அவர் தம் ரசிகர்களைவிடக் கந்தோம்ப்ளே அடியவர்களுக்கே நெருக்கமாக நின்றார். மதுவிலிருந்தும் புகையிலிருந்தும் தம்மை மீட்டது புதிய நம்பிக்கைதான் என்று அவர் கருதினார். பல ஆண்டுகள் குடியோடு போராடிய ஒரு மனிதர் தம்மைத் தூக்கிவிட்ட கையை இறுகப் பற்றிக்கொண்டதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் சிக்கல் அதோடு தீரவில்லை. பெயர்களை விட்டுவிடலாம், தாளத்தை என்ன செய்வது? ‘எஷுவின் புலம்பல்’ என்று பொருள்படும் பாடல் அதே தட்டில் உண்டு. அதில் வரிகளே இல்லை, குரல்கள் வெறும் ஒலியாகவே எழுகின்றன. கிறிஸ்தவ மிஷனரிகள் சாத்தானாகவே பார்த்த தெய்வம் எஷு. அந்த மெட்டை விரல் தொட்டால் அதுவும் அழைப்பாகுமா? பவல் ஜாஸ் மெட்டு வாசித்தாலும் அவருடைய கட்டைவிரல் முழவாகத்தான் ஒலித்தது. மனம் திரும்பிய பிறகும் அந்தக் கட்டைவிரல் மாறவில்லை.

இன்னும் ஆழமான ஒன்று, இந்தப் பாடல்களின் பிறப்பிலேயே இருக்கிறது. பவல் 1960களில் மொவாசிர் சாந்தோஸ் என்ற கறுப்பின இசையமைப்பாளரிடம் இசையிலக்கணம் படித்தார். மத்தியகாலத் தேவாலயங்களின் கிரகோரியன் பாடல்முறை, அதன் பழைய ஸ்வர அமைப்புகள் ஆகியவை அந்தப் பாடத்தில் இருந்தன. ஆப்பிரிக்கத் தெய்வப் பாடல்களுக்கும் அவற்றுக்கும் உள்ள ஒற்றுமை பவலுக்குப் புலப்பட்டது. அந்தப் பயிற்சிகளின் வழியே ஆஃப்ரோ-சாம்பா மெட்டுகள் பிறந்தன. ஷாங்கோவையும் யெமாஞ்சாவையும் அழைத்த மெட்டுகளுக்குள் கத்தோலிக்கத் துறவிகளின் ஓசையும் கலந்திருக்கிறது. பிற்காலத்துப் பவல் தமக்கு அந்நியம் என்று ஒதுக்கிய பாடல்களில், அவர் வணங்கிய கிறிஸ்துவைப் பாடிய மரபும் குடியிருந்தது. எந்தக் கத்தியாலும் அந்த இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது.

கந்தோம்ப்ளே மக்களும் தங்கள் இசையைக் கோயிலுக்குள் பூட்டிவைத்தவர்கள் அல்லர். 1949இல், காந்தியடிகள் கொல்லப்பட்ட மறுஆண்டு, பாயியாவின் சால்வடார் நகரத் துறைமுகத் தொழிலாளர்கள் ‘ஃபிலியோஸ் டி காந்தி’, அதாவது காந்தியின் மக்கள், என்ற கார்னிவல் குழுவைத் தொடங்கினார்கள். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகத் தெருவில் இறங்கி இஜெஷா என்ற வழிபாட்டுத் தாளத்தை முழங்குகிறார்கள். கோயிலில் ஒலித்தால் வழிபாடு, தெருவில் ஒலித்தால் கொண்டாட்டம் என்ற எல்லை அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இடமும் நோக்கமும் மாறினால் ஒரே தாளத்தின் பொருளும் மாறும் என்ற இந்த நடைமுறை அறிவு, இசைக்கு மதமே இல்லை என்ற பேச்சைவிட நேர்மையானது.

பவலின் தனிமனித முடிவைத் தாண்டி ஒரு காலமும் இதில் பேசுகிறது. பிரேசில் மக்கள்தொகையில் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் 1991 கணக்கெடுப்பில் 9 விழுக்காடு, 2000இல் 15.4 விழுக்காடு. வளர்ச்சியோடு வெறுப்பும் சில இடங்களில் தலைதூக்கியது. 1999இல் மாய் ஜில்டா என்ற கந்தோம்ப்ளே குருவம்மாவின் படத்தை ஒரு திருச்சபைப் பத்திரிகை ஏமாற்றுக்காரர்களைப் பற்றிய செய்தியோடு வெளியிட்டது. அவருடைய வழிபாட்டு இடமும் தாக்குதலுக்கு உள்ளானது. 2000 ஜனவரி 21 அன்று அவர் இறந்தார். அந்த நாளையே மத சகிப்பின்மைக்கு எதிரான தேசிய நாளாக 2007இல் ஒரு சட்டம் அறிவித்தது. மாய் ஜில்டா மறைந்த அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று, தமது 63ஆம் வயதில் பவல் ரியோவில் காலமானார்.

நான் பாடமாட்டேன் என்பது ஒருவருடைய மனசாட்சி. யாரும் பாடக் கூடாது, அது பேயின் பாட்டு என்பது பிறர் மேல் விழும் அடி. முன்னதைச் சொல்லும் உரிமை பவலுக்கு முழுமையாக இருந்தது. பின்னதைச் சொல்லும் உரிமை எந்த மதத்துக்காரருக்கும் இல்லை. பாடல் அவர் வழியாக வந்தது என்றாலும், பல தலைமுறை அடிமைகள் உயிரைக் கொடுத்துக் காத்த சொத்து அது. அவர் நாவு அவருடையது, பாடல் அவர்களுடையது. 1966இன் ஒலிப்பதிவில் தெய்வங்களின் பெயர்கள் ஒலித்தபடியே இருக்கின்றன. மகன் மார்செல் பவல் தந்தையின் பாடல்களை மேடைகளில் வாசித்துவருகிறார்.