உள்ளானுக்கு யார் குரு?

ஆன்மா தானாக எதையும் அறியாது, அறிவித்தால்தான் அறியும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களில் தந்த காலந்தொட்டுச் சைவ சித்தாந்தம் விடாமல் பிடித்து நிற்கும் கொள்கை இது. சைவசமயம் படிப்பித்த காலத்தில் நானும் இதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவன். ஒரு புரட்டாதி மாதம் பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், அப்ப உள்ளானுக்கு ஆர் அறிவிச்சது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் களுதாவளை எழுவான்கரை ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே கிணற்றுநீர் இறைத்துக் கத்தரியும் மிளகாயும் வெற்றிலையும் செய்கிற மணற்காணி. மாரி இறங்குமுன் வாவி வற்றிக் கரையோரம் சேறு வெளித்துக் கிடக்கும். அந்தச் சேற்றில்தான் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். ஊருக்கு எல்லாமே உள்ளான்தான். பறவை பார்க்கிறவர்கள் இனம் பிரிப்பார்கள். அவர்கள் காட்டியதில் என்னைப் பிடித்துக்கொண்டது, அலகு கீழ்நோக்கி வளைந்த ஓர் உள்ளான். எடை 60 கிராம் அளவில் இருக்கும். பிறப்பது சைபீரியாவின் வடகோடியில். ஆண் அடைகாப்பதில்லை, குஞ்சு பொரிக்குமுன்பே தெற்கே கிளம்பிவிடும். தாயும் பிள்ளைகளுக்கு முன்பே போய்விடும். குஞ்சுக்கு யாரும் இரை ஊட்டுவதுமில்லை. பொரித்த சில மணி நேரத்தில் தானே கொத்தித் தின்னத் தொடங்கும். பிறகு ஒருநாள், கடைசிக் கூட்டமாக, முன்பின் காணாத பாதையில் பறந்து இந்தியக் கரைகளுக்கும் இலங்கைக்கும் வந்துவிடுகிறது.

வாத்துக்களின் கதை வேறு. திருநெல்வேலிக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருவது. ஆனால் தாய் தகப்பனோடு வருவது. வாத்துக்குஞ்சு வழியைப் பெற்றோரிடம் படிக்கிறது. 1993இல் கனடாவில் பில் லிஷ்மன் என்ற சிற்பி, தான் வளர்த்த வாத்துக்களுக்குச் சிறிய விமானத்தில் முன்னே பறந்து, ஒன்ராறியோவிலிருந்து வேர்ஜீனியா வரை வழிகாட்டிக் கூட்டிப்போனார். அடுத்த வசந்தத்தில் அவற்றில் பல தாமாகவே திரும்பி வந்தன. மெய்கண்டார் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். வாத்தோடு நின்றிருந்தால் எனக்கும் தொல்லை இல்லை.

உள்ளானுக்கு நியாய மதத்தாரிடம் ஒரு பதில் இருக்கிறது. பிறந்த குழந்தை தாய்ப்பாலைத் தேடுகிறதே, அது முற்பிறவிப் பழக்கம் என்பது நியாய சூத்திரத்தின் வாதம். எதிராளி விடுவதில்லை: இரும்பு காந்தத்தை நாடிப் போகிறதே, அதற்கும் முற்பிறவியா என்று கேட்கிறான். இரும்பு காந்தத்தை மட்டும்தான் நாடுகிறது, அதற்கென்று தனிக் காரணம் உண்டு என்று நூல் அவனை மடக்குகிறது. அந்த எதிராளியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. 1960களில் பிராங்க்பர்ட்டில் வொல்ப்காங் வில்ட்ச்கோ என்பவர் ராபின் குருவிகளைக் கூட்டில் அடைத்துச் சுற்றியிருந்த காந்தப்புலத்தைத் திருப்பினார். குருவிகள் புறப்படத் துடித்த திசையும் திரும்பியது. பேச்சுக்கு அவன் இழுத்த காந்தம் மெய்யாகவே பறவைக்குத் திசை காட்டியிருக்கிறது.

முற்பிறவிப் பதிலில் எனக்கு வேறொரு சிக்கலும் உண்டு. போன பிறவியில் அந்த உயிர் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஆடாகத் திரிந்திருந்தால், சைபீரியா வழி எங்கிருந்து நினைவு வரும்? எடுத்த உடம்புக்குப் பொருந்திய வாசனை மட்டும் எழும் என்பார்கள். அது ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை.

அப்படியானால் இறைவனே வழிகாட்டுகிறான் என்று முடித்துவிடலாமா? கோயில் பிரசங்கத்தில் அப்படித்தான் முடிப்போம். 1958இல் பேர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் வெளியிட்ட சோதனை அதற்கு இடம் தராது. நெதர்லாந்து வழியாகப் போகும் ஸ்டார்லிங் பறவைகள் ஏறத்தாழ 11,000ஐப் பிடித்து, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முன்பு போய்வந்த பெரிய பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு தங்கள் பழைய குளிர்கால இடத்தை நோக்கிப் பறந்தன. முதல் தடவை போகும் இளசுகளோ பழைய திசையிலேயே பறந்து தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. கைபிடித்துக் கூட்டிப்போகிறவன் ஒருவன் இருந்தால், ஒரு விமானம் அவனை ஏமாற்றிவிடுமா?

இந்தச் சோதனையே எனக்குப் பதிலையும் தந்தது. ஆன்மாவுக்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைக் கொடுக்கிறான் என்பது சித்தாந்தம். உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி. இளம் பறவையின் திசை அதன் கரணத்தில் இருக்கிறது. அதை அறிவு என்று நான் சொல்லமாட்டேன். தவறான இடத்தில் விட்டாலும் அதே பக்கம்தான் இழுக்கும். "நான் வேறிடத்தில் நிற்கிறேன்" என்று கண்டு திருத்திக்கொண்டதே பெரிய பறவை, அதுதான் அறிந்தது. ஒருமுறை போய்வந்ததால் அறிந்தது. புவனமும் போகமும் அதற்கு அறிவித்தன. ஆகவே மெய்கண்டார் சொன்னது உள்ளானிடமும் தோற்கவில்லை.

கரணம் சடம், அது தானாக இயங்குமா என்று பண்டிதர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். இயக்குவது சிவசக்தி என்பதை நான் மறுக்கவில்லை. இயக்குவது வேறு, ஒவ்வொரு வளைவிலும் வழி சொல்வது வேறு. முதலாவது சித்தாந்தம், இரண்டாவது நமது ஆசை.

அந்தப் பெடியனுக்கு அன்று இவ்வளவும் சொல்ல என்னிடம் இருக்கவில்லை. இப்போது அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: "பறவைக்கு வழிகாட்டுபவர் கடவுள்" என்ற ஒரு வரியோடு பிள்ளைகளின் வாயை அடைக்காதீர்கள். புரட்டாதியில் ஒரு ஞாயிறு விடியப் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போய், கேள்வியை அவர்களே கேட்கும்வரை பேசாமல் நில்லுங்கள். ஐப்பசி வரை தள்ளிப்போட வேண்டாம். மழை இறங்கினால் சேற்றைத் தண்ணீர் மூடிவிடும், உள்ளானும் இடம் மாறிவிடும்.