உணவுக்கூடம் யார்பொருட்டு?

வீட்டிற்கு ஒப்பனை வேண்டுமா என வினவினால், வேண்டும் என்றே பலரும் விடையிறுப்பர். வாயிற்கோலமும் மாவிலைத் தோரணமும் நம் முன்னோர் போற்றிய ஒப்பனைகளே. ஆனால், அவ்வொப்பனை யார்பொருட்டு என்று வினவும்போது அஃது அறம் பற்றிய வினாவாகிவிடுகிறது. திருக்குறளில் விருந்தோம்பலுக்கெனத் தனியோர் அதிகாரம் கண்ட மரபினர்க்கு, இவ்வினாவை ஆராய உணவுக்கூடத்தினும் ஏற்ற இடம் வேறில்லை.

சிங்கப்பூர் மக்களுள் பெரும்பாலோர், 1960இல் நிறுவப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவற்றுட் பலவற்றில் வரவேற்பறையின் ஒரு பகுதியே உணவுக்கூடம். அச்சிறிய இடத்திலும், வளைந்த கால்களும் பொன்னிறச் செதுக்கு வேலைப்பாடும் கொண்ட ‘பரோக்’ பாணி மேசை நாற்காலிகளை இட்டு மகிழ்வோர் உளர். அழகை விரும்புதல் குற்றமன்று. உழைத்தீட்டிய பொருளால் அதனைப் பெறுதலும் குற்றமன்று. எனினும், அப்பாணி வளர்ந்த வரலாற்றை அறிதல் நன்று.

பரோக் கலை 17ஆம் நூற்றாண்டில் உரோம் நகரில் தழைத்து ஐரோப்பாவெங்கும் பரவியது. காண்போரை வியப்பில் ஆழ்த்துதல் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1682இல் தம் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு மாற்றினார். அங்கே பலர் காண மன்னர் உண்பதே ஒரு சடங்காக நடைபெற்றது. மன்னர் அமர்ந்து உண்டார். மற்றவர் நின்று பார்த்தனர்.

நம்மவர் வரலாறு காட்டும் காட்சி வேறு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், ‘கிட்டங்கி’ எனப்பெற்ற கூடங்களில் தரையில் அமர்ந்து கணக்கெழுதினர். இரவில் அங்கேயே உறங்கினர். அவர்கள் கடல்கடந்து ஈட்டிய செல்வம், செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியக் கண்ணாடியாகவும் பொலிந்தது. அத்துணைப் பொலிவின் நடுவிலும் விருந்தினர் தரையில் வரிசையாக அமர்ந்து வாழையிலையில் உண்டனர்.

இதனால், தரையில் உண்பதே அறம், மேசையில் உண்பது பகட்டு என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பொருந்தாது. தமிழகத்துப் பந்திகள் பலவற்றில் சாதி பார்த்து இடம் மறுக்கப்பட்டதுண்டு. சமைத்த பெண்டிர், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டதும் உண்டு. இலை எளியதுதான், பந்தி வகுத்தவர் மனம் எளியதாக இருக்கவில்லை. ஆகவே, குற்றமும் குணமும் மரத்திலோ இலையிலோ இல்லை.

தேக்கா நிலைய உணவங்காடியின் மேசைகளுக்கு ஒப்பனை ஏதுமில்லை. ஆயினும், கட்டுமானத் தொழிலாளியும் அலுவலக ஊழியரும் அங்கே ஒரே மேசையில் அமர்ந்து உண்ண இயலும். அதே நகரில், பொன்னிற நாற்காலிகள் ஆறு சூழ்ந்த மேசைக்கு உணவு சமைத்துப் பரிமாறும் பணிப்பெண், அடுக்களை மூலையில் தனித்து உண்ணும் வீடும் இருக்கலாம். ஒரு நாற்காலி வெறுமையாய் இருந்தும் அதில் அவள் அமரலாகாது எனின், அவ்வீட்டில் வெர்சாய் வழக்கம் இன்னும் மறையவில்லை எனலாம்.

மேசை வாங்குவோர் கூடத்தின் நீள அகலங்களை அளந்து பார்ப்பர். அம்மேசையில் யார் யார் கூச்சமின்றி அமர்வர் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கை பெருகுமாயின் பரோக் மேசையும் நன்றே. சுருங்குமாயின் வாழையிலையும் வீணே.