மறுக்க முடியாத மூச்சு

புகைத்தல் பற்றிய நம் பேச்செல்லாம் புகைப்பவரையே சுற்றி வருகிறது. சமயம் பேசுபவர் அது பாவம் என்பார். சுதந்திரம் பேசுபவர் அவரவர் உடம்பு, அவரவர் விருப்பம் என்பார். பக்கத்தில் நிற்பவரை இருவருமே பார்ப்பதில்லை. கொழும்பு ஹெவ்லொக் வீதியில் ஒருவர் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரட் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு வருகிறார். அங்கே புத்தகப் பையோடு ஒரு பிள்ளை நிற்கிறது. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்கக் கூடாது. புகைத்தலுக்கான அதன் தடையோ மூடிய பொது இடங்களோடு நின்றுவிடுகிறது. ஆக, அந்தப் பிள்ளைக்குச் சிகரட்டை விற்றால் குற்றம். புகையை இனாமாகக் கொடுத்தால் குற்றமில்லை!

வெட்டவெளியில் புகை கலைந்துவிடாதா என்று கேட்கலாம். கலையும்தான், ஆனால் உடனே அல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, புகைப்பவருக்கு அரை மீற்றர் அருகே இருப்பவர் உள்ளிழுக்கும் துகள்கள் சில வேளை வீட்டுக்குள் புகைக்கும்போது இருக்கும் அளவை எட்டுகின்றன. இரண்டு மீற்றர் தள்ளிப்போனால் வெகுவாகக் குறைகின்றன. தரிப்பிடத்து நெரிசலில் இரண்டு மீற்றருக்கு எங்கே போவது? இன்னா செய்யாமைக்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது. 1859இல் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் ஸ்டுவர்ட் மில் தனிமனித உரிமைக்கு வகுத்த எல்லையும் பிறருக்கு நேரும் தீங்குதான். மூச்சின் விஷயத்தில் இந்த எல்லை இன்னும் இறுக்கமாக வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உணவை மறுக்க நம்மால் முடிகிறது. ஆறு நிமிடம் மூச்சை மறுக்க முடியாது. தப்ப வழியில்லாதவருக்குச் செய்யும் தீங்கு, அளவில் சிறியதானாலும், தன்மையில் வேறு.

காலி வீதியின் வாகனப் புகையை விட்டுவிட்டு ஒரு சிகரட்டைப் பிடித்துக்கொள்வதா என்பது நியாயமான கேள்வி. வாகனப் புகையையும் குறைக்கத்தான் வேண்டும். அதுவரை இதற்கு விலக்குக் கொடுக்க அது காரணமாகாது. சாம்பிராணியும் கற்பூரமும் மட்டும் புகையில்லையா என்பது இன்னும் கூர்மையான கேள்வி, நம்மவர் கேட்கத் தயங்குவது. நோக்கம் புனிதமென்பதற்காக நுரையீரல் சலுகை தராது; மூடிய மண்டபத்தில் மூச்சுத் திணறும் கிழவிக்காக ஒரு கதவைத் திறந்துவைப்பதும் பக்திதான். அதற்காக, ஹெவ்லொக் பூங்கா முழுவதையும் ஒரேயடியாகத் தடைசெய்யச் சொல்ல மாட்டேன். ஆளில்லாத மூலையில் புகைக்கும் காவலாளியால் யாருக்கும் இடைஞ்சலில்லை. அவரையும் துரத்தினால், பாவம் பேசியவர்களின் பக்கம் போய்விடுவோம். தரிப்பிடம், வைத்தியசாலை வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம், கோயில் வாசல் வரிசை: காத்துநிற்பவர் நகர முடியாத இடங்களில் தடை வரட்டும். சற்றுத் தள்ளி, சாம்பல் தட்ட மணல் வாளியோடு ஓர் இடமும் ஒதுக்கப்படட்டும்.