நண்பகல் சோர்வு

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் மனனம் செய்தோம். ஆங்காரத்தில் தொடங்கிய அவ்வரிசை சோம்பலில் முடிந்தது. அந்தக் கடைசிச் சொல்லின் பொருளை நாம் சரியாக அறிந்துகொண்டோமா?

அவ்வரிசைக்கு மூலத்தை வகுத்தவர் எவாகிரியுஸ் என்னும் துறவி. கருங்கடலை அடுத்த பொந்து நாட்டில் ஏறத்தாழ கி.பி. 345இல் பிறந்தவர். புனித பசிலியாரிடம் வாசகர் பட்டமும், நசியான்சு கிரகோரியாரிடம் திருத்தொண்டர் பட்டமும் பெற்றார். கொன்ஸ்தாந்திநோப்பிளில் புகழோடு விளங்கியபோது, மணமான பெண்ணொருத்திமீது கொண்ட காதலுக்கு அஞ்சி எருசலேமுக்கு ஓடினார். 383இல் எகிப்தின் பாலைநிலம் புகுந்து, ஏடுகளைப் படியெடுத்து வயிறு வளர்த்து, 399இல் அங்கேயே மறைந்தார். ஒரிஜனின் கருத்துகளைத் தழுவியவர் என்று 553ஆம் ஆண்டுப் பொதுச்சங்கத்தை ஒட்டிக் கண்டிக்கப்பட்டார். அவருடைய நூல்கள் சில வேறொருவர் பெயரில் மறைந்து பிழைத்தன. கண்டிக்கப்பட்டவரின் பட்டியலைத்தான் நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்!

அவர் வகுத்த தீய எண்ணங்கள் எட்டு. காசியான் அவற்றை மேற்றிசைக்குக் கொண்டுசென்றார். பின்னர் எட்டு ஏழாயிற்று. அவற்றுள் ஒன்றே 'அக்கேதியா'. அக்கறை அற்றுப்போதல் என்பது அதன் சொற்பொருள். நண்பகலில் வரும் பேய் என்று அதனை அவர் அழைத்தார். கதிரவன் நகர மறுக்கிறான். பகல் ஐம்பது மணி நேரமாக நீள்கிறது. துறவி சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். இருக்கும் இடமும் செய்யும் தொழிலும் கசக்கின்றன. உடன் வாழ்வோரிடம் அன்பு வற்றிவிட்டதாகத் தோன்றுகிறது. வேறிடம் சென்றால் இறைவனுக்கு உகந்தவராய் வாழலாமே என்று நியாயமும் பிறக்கிறது.

கோவில்பட்டிச் சீமையின் கரிசல் காட்டாரிடம் இதை விரித்துரைக்க வேண்டுமா? ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கும்; மழை தராது. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் காய்ந்த மண்ணிலேயே விதையை இட்டு வானம் பார்ப்பது மானாவாரி வேளாண்மை. சிறு தூறலில் முளைத்தது கருகினால் மறுபடி விதைக்க வேண்டும். விதைக்குக் கடன் வாங்க வேண்டும். அப்படியோர் ஆண்டு கழிந்தபின், ஆகஸ்டு 15இல் காமநாயக்கன்பட்டிப் பரலோக அன்னை திருவிழாவுக்கும் போகாமல் திண்ணையில் வாளாவிருப்பவரைக் கண்டு, 'பக்தியில் சோம்பல்' என்று எளிதில் தீர்ப்பிடுகிறோம்.

எவாகிரியுஸ் அவ்வாறு சொல்லியிருக்கமாட்டார். எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை. அவற்றைத் தங்கவிடுவதே நம் கையில் உள்ளது என்பது அவர் கொள்கை. ஆகவே சோர்வு வந்தது பாவமன்று. மேலும், அந்தப் பேய் கால்களைக் கட்டிப்போடுவதைவிட ஓட வைப்பதையே விரும்புகிறது. ஒரு தியானக்கூட்டம் முடியுமுன் அடுத்ததைத் தேடி, பங்கின் எல்லாக் குழுக்களிலும் பெயரைச் சேர்த்து, சொந்த வீட்டில் அரைமணி நேரம் அமர மாட்டாத நம்மை யாரும் சோம்பேறி என்பதில்லை.

அவர் சொன்ன மருந்து, இருந்த இடத்தில் இருத்தல். ஆன்மாவைக் கண்ணீரோடு இரண்டாகப் பகுத்து, ஒரு பாதி மறுபாதியைத் தேற்றட்டும் என்றார். 42ஆம் திருப்பாடலைப் பாடியவர் தம் நெஞ்சோடு பேசியதும் அவ்வாறே. இந்தப் பேயை வென்றவரிடம் வேறொரு பேய் உடனே வருவதில்லை, அமைதியும் சொல்லொணா மகிழ்ச்சியுமே வரும் என்றும் எழுதிவைத்தார். பதினாறு ஆண்டு பாலையில் இருந்தவர் சொல் அது.