பனியனும் வினைப்பயனும்

ஒரு செயலால் விளையும் தீங்கு அதைச் செய்தவரைச் சேருமா, செய்யச் சொன்னவரைச் சேருமா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. பருவநிலை மாற்றம் குறித்த இன்றைய வாதங்களில் அதே கேள்வி கரியமில வாயுவின் கணக்காக வந்து நிற்கிறது. திருப்பூரில் நூல் இறக்கி, நிட்டிங் ஓட்டி, சாயமேற்றி, வெட்டித் தைத்து, செக்கிங்கும் அயனிங்கும் முடிந்து கப்பலேறும் ஒரு பனியனுக்காக எரிந்த விறகும் நிலக்கரியும் யார் கணக்கில் ஏற வேண்டும்? ஐக்கிய நாடுகளின் பருவநிலை உடன்படிக்கை நடைமுறைப்படி பொருள் உற்பத்தியாகும் நாட்டின் பெயரிலேயே உமிழ்வு பதிவாகிறது. பனியன் ஐரோப்பியர் ஒருவரின் அலமாரியில் இருக்கும். அதன் புகை இந்தியாவின் கணக்கில் இருக்கும்.

இந்தக் கேள்விக்குச் சமணம் தந்த விடை கூர்மையானது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தன் ஆறாம் அத்தியாயத்தில் வினை வந்து ஒட்டும் வழிகளை எண்ணிக் காட்டுகிறது. எண்ணுதல், ஏற்பாடு செய்தல், தொடங்குதல் என்ற மூன்று படிகள். மனம், வாக்கு, காயம் என்ற மூன்று கருவிகள். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்ற மூன்று நிலைகள். கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை என்ற நான்கு தூண்டுதல்கள். இவற்றைப் பெருக்கினால் 108. செய்வித்தவருக்கும் உடன்பட்டவருக்கும் வினை உண்டு என்பதோடு இந்தக் கோட்பாடு நிற்பதில்லை. ஒருவரின் வினை மற்றவரின் வினையைக் குறைப்பதில்லை என்பதே அதன் உறுதியான பகுதி. நூறு பங்கு குற்றத்தில் வாங்கியவருக்கு அறுபது, விற்றவருக்கு நாற்பது என்று பிரிக்க அங்கே இடமில்லை. ஒவ்வொருவரும் தம் வினையை முழுதாகச் சுமக்கிறார்கள். கொங்கு நாட்டுக்கு இது அயலூர்ச் சிந்தனையும் அன்று. திருப்பூருக்குப் பக்கத்திலுள்ள விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊராக அது சொல்லப்படுகிறது.

வாங்குபவரின் பொறுப்பைத் தமிழ் நூல்கள் நேராகவே பேசியிருக்கின்றன. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், கொன்றது தான் அல்ல, கடையில் வாங்கியது மட்டுமே என்ற சமாதானத்தை ஏற்பதில்லை. தின்பதற்கென்று ஒருவரும் கேட்காவிட்டால் விலைக்கு ஊன் தருவாரும் இருக்க மாட்டார் என்பது அதன் வாதம். சமணக் காப்பியமான நீலகேசியும் பௌத்தரோடு வாதிடும்போது புலால் உண்பவரின் பொறுப்பைக் கேள்விக்குள்ளாக்குகிறது. தேவையே கொலையை உண்டாக்குகிறது என்ற இந்தத் தர்க்கத்தை ஆடை வணிகத்துக்கு எடுத்துவருவதில் பெரிய தடை இல்லை. ஒரு வெளிநாட்டுப் பையர் ஆர்டர் கொடுக்கிறார். எக்ஸ்போர்ட் கம்பெனி சாயத்தை ஒரு பட்டறைக்கும் தையலை ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் விடுகிறது. பட்டறை பாய்லருக்கு விறகு வாங்குகிறது. இங்கே செய்வித்தல் ஒரு சங்கிலி. பெரிய நிறுவனங்கள் இன்று தம் உமிழ்வை மூன்று அடுக்காகக் கணக்கிடுகின்றன: தம் உலையில் எரித்தது, வாங்கிய மின்சாரத்தில் எரிந்தது, பொருள் வந்த வழியெங்கும் எரிந்தது. சமணரின் மூன்று நிலைகளோடு இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் செய்வித்தவருக்கும் கணக்கு உண்டு என்ற ஒப்புதல் இரண்டிலும் இருக்கிறது.

சங்கிலியின் கடைசியில் பீஸ் ரேட்டுக்கு பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் ஒடிசா தொழிலாளிக்கும் வினை உண்டா? அந்த நான்கு தூண்டுதல்கள் எதற்காகப் பட்டியலில் இருக்கின்றன என்பது இந்த இடத்தில் விளங்குகிறது. பேராசையால் செய்வதும் பிழைப்புக்காகச் செய்வதும் ஒரே அழுத்தத்தில் ஒட்டுவதில்லை. 1991இல் சுற்றுச்சூழல் ஆய்வாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதே வேறுபாட்டைத்தான் உலக அரங்கில் வைத்தார்கள்: பிழைத்திருக்க வெளியாகும் வாயுவையும் ஆடம்பரத்துக்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது என்று. மறு ஆண்டு ரியோவில் கையெழுத்துக்கு வந்த உடன்படிக்கை, எல்லா நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அது ஒரே அளவினது அல்ல என்ற கொள்கையை ஏற்றது.

இதுவரை வினைக்கோட்பாடு பருவநிலை விவாதத்துக்கு நன்றாகத் துணைவருகிறது. அடுத்த அடியில் சிக்கல் தொடங்குகிறது. வினை பேசும் சமயங்கள் பொதுவாகப் பயன் செய்தவரிடமே திரும்பும் என்று நம்புகின்றன. செய்தது பயனின்றி அழிவதும் செய்யாதது வந்து சேர்வதும் தர்க்கத்துக்கு ஒவ்வாத குற்றங்கள். கிருதநாசம், அகிருதாப்யாகமம் என்ற பெயர்களில் அவற்றைச் சுட்டி ஒரு மரபு இன்னொரு மரபை மடக்கியது. பருவநிலை மாற்றத்திலோ அந்த இரண்டு குற்றங்களும் கண்முன் நடக்கும் உண்மைகள். எரித்தவர் நலமாக வாழ்ந்து முடிக்கிறார். எரிக்காதவரின் வயலில் மழை தவறுகிறது. சைவம் இந்த இடத்தைக் கவனித்திருக்கிறது. பெரியபுராணத்தின் சாக்கிய நாயனார் வரலாற்றில், பௌத்தம் பயின்ற அவர் சிவநெறியை உண்மையென்று தேர்வதற்கான காரணமாக நான்கு உறுப்புகள் சொல்லப்படுகின்றன: வினை, அதைச் செய்பவர், அதன் பயன், அந்தப் பயனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். வினை தானாகவே தன்னைச் செய்தவரைத் தேடிப் போகாது, சேர்ப்பிக்க ஒருவர் வேண்டும் என்பது அதன் கருத்து. எரிசக்திக் கொள்கை பற்றிய பொதுப் பேச்சில் காணாமல் போயிருப்பது இந்த நான்காம் உறுப்புதான்.

நொய்யல் ஆற்றின் வழக்கில் ஒருமுறை அந்த நான்காம் உறுப்பு இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் சேரும் இந்த ஆறு, 1980களில் பனியன் ஏற்றுமதி பெருகிய பிறகு சாயக்கழிவின் வடிகாலாயிற்று. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. பாசனம் பெற வேண்டிய விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள், கிணறுகளும் உப்பேறின. செய்தவர்கள் மேற்கே, அனுபவித்தவர்கள் கிழக்கே. பாசன விவசாயிகளின் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேறும் நீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி ஏறும் தொகையைப் பட்டறைகள் கட்ட வேண்டும். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை உறுதிசெய்தது. அது பயன்படுத்திய அடிப்படை, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பது. 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்த கொள்கை அது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரே வேலையிழந்து தவித்தது.

அந்தத் தீர்ப்பின் கடுமை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் பயனைச் செய்தவரிடம் கொண்டுசேர்த்த கை அதுதான். அது இல்லாமல் ஆற்றுக்கு வேறு வழி இருந்திருக்காது. அந்தக் கையின் எல்லையும் தெளிவு. பட்டறையும் வயலும் ஒரே நீதிமன்றத்தின் ஆளுகைக்குள் இருந்தன. பனியனை வாங்கிய கம்பெனி அதற்கு வெளியே இருந்தது. ஆகவே செய்தவர் பணம் கட்டினார், அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்துப் பொதுமக்களையும் சுமையில் சேர்த்தது, செய்வித்தவர் பங்கு ஏதும் தரவில்லை.

சுத்திகரிப்பு வந்த பிறகு வினை தீர்ந்துவிட்டதா என்பது இன்னும் கடினமான கேள்வி. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாயநீர் சவ்வுகளின் வழியே அழுத்தத்தோடு செலுத்தப்படுகிறது. மிஞ்சும் அடர் உப்புநீர் ஆவியாக்கிகளில் காய்ச்சப்படுகிறது. நீரும் உப்பும் பெருமளவு மீண்டும் சாயத்துக்கே போகின்றன. திருப்பூர் பெருமைப்பட வேண்டிய சாதனை இது. அந்தக் காய்ச்சலுக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும், பம்புகளுக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். ஆற்றில் கலந்த தீங்கின் ஒரு பகுதி வானத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கிடங்குகளில் கிடக்கிறது.

இந்த மின்தேவைக்குத் திருப்பூர்க்காரர்கள் சொல்லும் பதில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மில்களும் ஏற்றுமதியாளர்களும் தம் சொந்த மின்தேவைக்காக அவற்றை நிறுத்தியிருக்கிறார்கள். காற்றுக்காலத்தில் மிகும் யூனிட்டுகளை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதி பழைய காற்றாலைகளுக்கு உண்டு. ஏட்டில் அது காற்றின் மின்சாரம். தை மாதத்தில் மில்லின் மிஷினை ஓட்டுவதோ பெரும்பாலும் அனல் நிலையத்தின் மின்சாரம். இதை ஏமாற்று என்பது நியாயமாகாது. ஆடியில் அந்தக் காற்று வேறெங்கோ நிலக்கரியை மிச்சப்படுத்தியது உண்மை. மிச்சப்படுத்தியதன் புண்ணியமும் எரித்ததன் பாவமும் ஒன்றையொன்று கழிக்குமா என்பதில் பழைய மரபுகள் எச்சரிக்கையாக இருந்தன. நல்வினைக்கும் தீவினைக்கும் தனித்தனியே பயன் உண்டு, அன்னதானம் கொலையை அழிக்காது என்பதே பொதுவான கொள்கை. உமிழ்வை ஈடுகட்டிவிட்டதாகச் சொல்லும் சான்றிதழ்கள் இந்தப் பழைய எச்சரிக்கைக்கு இன்னும் விடை சொல்லவில்லை.

மின்சாரம் வந்து சேரவும் பாதை வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை அமைந்த உயர் அழுத்தப் பாதையின் கோபுரங்கள் மேற்கு மாவட்ட விவசாயிகளின் நிலங்களில் எழுந்தபோது, 2018 டிசம்பரில் அவர்கள் பல ஊர்களில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். நொய்யலில் நீரை இழந்தது விவசாயி. கோபுரத்துக்கு நிலத்தை விட்டதும் விவசாயி. மின்சாரம் பழையதோ புதியதோ, செய்யாதவரிடம் பயன் போய்ச் சேரும் வழக்கம் மாறவில்லை.

எல்லை கடந்து பயனைச் சேர்ப்பிக்கும் முயற்சியாக, பெருநிறுவனங்கள் தம் பொருள் வரும் வழியெங்கும் நேரும் தீங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறிமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. மறு ஆண்டே அதன் அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு: சான்று, தணிக்கை, புதிய பாய்லர், சூரியத் தகடு என்று எல்லாச் செலவையும் திருப்பூர்மீது ஏற்றி, பனியனுக்குத் தரும் விலையை மட்டும் பையர் அப்படியே வைத்திருந்தால், செய்வித்தவர் ஏற்க வேண்டிய செலவையும் செய்தவரே சுமப்பார். சமணரின் கணக்குப்படி அது செய்வித்தவரின் இரண்டாவது தீங்கு. பையர் கொடுக்கும் ஆர்டரின் விலையிலேயே சுத்தமான நீருக்கும் எரிபொருளுக்கும் ஆகும் செலவு சேர்ந்திருக்க வேண்டும் என்பது, செய்வித்தலை ஒரு வினையாக ஏற்பவர் மறுக்க முடியாத கோரிக்கை.