வேலை கைமாறும், பொறுப்பு?

பக்கத்து வீட்டில் புல் பதிக்க வந்த காண்ட்ராக்டர், தோண்டிய மண்ணைக் கால்வாய் ஓரத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டார். மாலை மழையில் மண் முழுதும் கால்வாய்க்குள் இறங்கியது. கேட்டால், "காண்ட்ராக்டர்கிட்ட கேளு தம்பி" என்கிறார் அங்கிள். காண்ட்ராக்டரோ, "மண்ணு அள்ள பாஸ் காசு கொடுக்கலையே" என்கிறார்.

நான் படிக்கும் பொறியியல் சொல்வது இது: கால்வாயின் பாதி ஆழம் மண்ணால் அடைந்தால், அதில் ஓடக்கூடிய தண்ணீர் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். மிச்சத் தண்ணீர் சாலையில் ஏறி, தாழ்வான வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியின் வாசலுக்குத்தான் போகும். அவருக்கும் இந்தப் புல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கூலி கொடுத்தால் வேலை கைமாறும், பொறுப்பு கைமாறாது. வேலை சொன்னவருக்கும் முழுப் பொறுப்பு, செய்தவருக்கும் முழுப் பொறுப்பு. அதுதான் தர்மம். நாளை நாமும் ஆள் வைத்து வேலை வாங்குவோம், நண்பர்களே. விலை பேசும்போதே இதையும் கேட்போம்: "மண்ண எங்க கொட்டுவீங்க?"