காலம் கொடுப்பவர்

நாட்டுப்புற மெட்டு ஒன்றைக் கற்க முனைபவர் பெரும்பாலும் தடுமாறுவது சுரத்தில் அன்று, காலத்தில்தான். மெட்டின் ஏற்ற இறக்கங்கள் சில முறை கேட்ட அளவிலேயே தொண்டைக்குப் பிடிபட்டுவிடுகின்றன. ஆனால் அதை எவ்வளவு விரைவாக அல்லது எவ்வளவு நிதானமாகப் பாட வேண்டும் என்பது, அதாவது இசைநூலார் காலப்பிரமாணம் என்று குறிப்பிடும் வேக அளவு, பாடத் தொடங்கியதும் நழுவிவிடுகிறது. மூச்சு போதாத இடத்தில் ஓட்டம் கூடுகிறது, சொல் மறந்த இடத்தில் இழுவை விழுகிறது, பாடி முடிக்கும்போது மெட்டு அதே மெட்டாக இருந்தும் பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது. சரியான வேகம் எது என்ற இக்கேள்விக்கு மெட்டுக்குள்ளேயே விடை இருக்கும் என்று எண்ணித் தேடுவதுதான் கற்பவரை அலைக்கழிக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இக்கேள்வியை எழுப்புவதற்குத் தனிப்பொருத்தம் உண்டு. இந்திய இசை வரலாற்றின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றான குடுமியான்மலை இசைக் கல்வெட்டு இங்குதான், சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறையில், கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, ருத்ராசாரியரின் மாணவராகிய மன்னர் ஒருவர் தம் மாணவர் நலனுக்காகச் செய்தது என்று தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்கிறது. ஏழு பிரிவுகளில், நான்கு நான்காகத் தொகுக்கப்பட்ட சுரக்கோவைகள் அதில் உள்ளன; ஆனால் அவற்றை இந்த வேகத்தில் இசைக்க வேண்டும் என்று காட்டும் குறியீடாக எதுவும் அறியப்படவில்லை. மாணவருக்கென்றே வெட்டிய பாடத்தில் வேகம் விடுபட்டது கவனக்குறைவாக இருக்க இயலாது. அதை ஆசிரியர் எதிரே அமர்ந்து தந்திருப்பார், மாணவர் அவரிடமிருந்து பெற்றிருப்பார் என்று கொள்வதே பொருந்தும்.

தொழிற்பாடல்களில், அதாவது வேலை செய்துகொண்டே பாடப்படும் பாடல்களில், காலத்தைத் தருவது பாடுபவரின் விருப்பம் அன்று, வேலையின் உறுப்புகளே. ஏற்றப்பாட்டை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். கிணற்றுக்கு மேல் நீளும் துலா மரத்தின்மீது ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றோரம் நிற்பவர் நீர் மொள்ளும் கலமாகிய சாலைப் பிடித்து இறக்கி, நிரம்பியதும் மேலேற்றிக் கவிழ்ப்பார். அவர் பாடும் ஒவ்வோர் அடியும் சால் ஒருமுறை சென்று திரும்பும் நேரத்துக்குள் அடங்க வேண்டும், அதனுடன் இத்தனையாவது சால் என்ற எண்ணும் பாட்டிலேயே வந்துசேர வேண்டும். மழைக்குப் பின் கிணற்றில் நீர் மேலே நிற்கும்போது சால் விரைந்து திரும்பும், அடி குறுகும். கோடையில் நீர் கீழே இறங்கிவிட்டால் அதே அடி நீளும், உயிரெழுத்துகள் இழுபடும், இடையில் ஓர் அசைச்சொல் கூடுதலாக வந்து அமரும். அப்படியானால் ஏற்றப்பாட்டின் சரியான வேகம் எது என்று கேட்பவருக்கு, எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான விடையாகும். கண்மாய்களையும் கிணறுகளையும் நம்பிப் பயிர் செய்த இந்த வறண்ட மாவட்டத்தில் அந்த எதிர்க்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு.

நடவுப் பாட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது, ஏனெனில் அங்கே வேலை ஒருவருடையது அன்று. வரிசையாகக் குனிந்து நின்று பின்னோக்கி நகர்ந்தபடி நாற்றை ஊன்றும் பெண்களுள் ஒருத்தி அடியெடுத்துப் பாட மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுகின்றனர். அவர்கள் பாடும் நேரம் அவளுக்கு மூச்சு வாங்கும் நேரமாகிறது. சேறு இளகியிருந்தால் கை விரைந்து மீளும், இறுகியிருந்தால் தாமதிக்கும். வரிசையில் வயது முதிர்ந்தவர் ஒருவர் பின்தங்குவதை அடியெடுப்பவள் கண்டால் அடுத்த அடியைச் சற்று நிறுத்தி எடுப்பாள், வரிசை மீண்டும் நேராகும். இசையரங்கின் அளவுகோலால் பார்த்தால் இது காலம் பிசகியதாகவே கருதப்படும். எடுத்த காலத்தை இறுதிவரை மாறாமல் காப்பதையே அவ்வரங்கு திறமை என்று மதிக்கிறது. வயலில் வேறொரு திறமை போற்றப்படுகிறது. எவரையும் விட்டுவிடாத வேகமே அங்கு சரியான வேகம், அதைக் கண்டறிய அடியெடுப்பவளுக்குக் குரலைவிடக் கண் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

காலம் என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்குவது என்ற எண்ணம் தமிழில் மிகப் பழையது. கலித்தொகையின் கடவுள் வாழ்த்தில் சிவபெருமான் ஆடும் மூவகைக் கூத்துக்கும் தாளத்தின் கூறுகளாகிய சீர், தூக்கு, பாணி ஆகியவற்றை உமையே தருவதாகப் பாடப்படுகிறது. உலகையே ஆட்டுவிப்பவராகப் போற்றப்படுபவருக்கும் காலத்தை வேறொருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புதுக்கோட்டையில் இன்றும் காணத்தக்க இடம் ஸ்பெஷல் நாடகமேடை. தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்ட நடிகர்கள் முன்கூட்டி ஒத்திகை பாராமல், பலவேளை அன்றிரவுதான் ஒருவரையொருவர் சந்தித்து, வள்ளி திருமணம் போன்ற நாடகத்தை விடியும்வரை நடத்தும் இம்மரபில், பாடுபவர் எடுக்கும் முதல் அடியிலேயே ஆர்மோனியக்காரர் சுருதியையும் ஓட்டத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மிருதங்கக்காரர் அதை உறுதிசெய்ய வேண்டும். இம்மேடைக்கு நாடகங்களை எழுதித்தந்த சங்கரதாஸ் சுவாமிகள், கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய கருவியாக்கிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் பயின்றவர் என்பது தற்செயலான செய்தி அன்று. தாளக் கணக்கில் பெயர்பெற்ற புதுக்கோட்டைப் பரம்பரை ஒருபுறமும், நள்ளிரவில் களைத்திருக்கும் ஊர்மக்களை விழிக்கவைக்க வேண்டிய மேடை மறுபுறமும் நிற்க, அவ்விரண்டையும் அறிந்தவராக அவர் எழுதினார்.

மேலைநாட்டில் 1815இல் மெல்செல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் என்னும் தாளமானி வேகத்தை எண்ணாக்கியது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் கிராமங்களில் ஒலிப்பதிவு செய்த பாடல்களை எழுதியபோது அவற்றுக்கும் அத்தகைய எண்களைக் குறித்தார். அது ஆய்வுக்குப் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்த எண் ஒருநாளில் ஒருவர் பாடிய வேகமேயன்றிப் பாட்டின் வேகம் அன்று. ஒலிப்பதிவுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்ட பழைய இசைத்தட்டு, நீண்ட பாடல்களைக் குறுக்கவும் விரைவுபடுத்தவும் தூண்டியது. இன்று விசைப்பலகையும் டிரம்ஸும் சேர்ந்த மேடைக்கச்சேரி நடவுப்பாட்டை ஆடத்தக்க வேகத்துக்குத் தள்ளுகிறது. அப்பதிவைக் கேட்டுக் கற்பவர், குனிந்த முதுகுடன் எவரும் பாட இயலாத வேகத்தை நடவின் வேகம் என்று நம்பிவிடுகிறார்.

கைப்பேசியில் பதிவின் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியும் உண்டு, பலர் அதைப் பயன்படுத்துகின்றனர். சொற்களைப் பிரித்தறிய அது உதவும், அதற்கு மேல் உதவாது. கருவி எல்லாவற்றையும் ஒரே அளவில் நீட்டுகிறது. மனிதர் நிதானித்துப் பாடும்போதோ உயிரெழுத்து மட்டுமே நீள்கிறது, வல்லெழுத்தும் கைத்தட்டும் கூர்மை குன்றாமல் நிற்கின்றன, மூச்சு வேறிடத்தில் விழுகிறது. ஆகவே நிதானமாகப் பாடக் கற்பதற்கு, நிதானமாகப் பாடும் ஒருவரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பின் அந்த மெட்டை நடந்துகொண்டே பாடிப் பார்க்க வேண்டும். கும்மி என்றால் குனிந்து நிமிர்ந்து தட்டிப் பார்க்க வேண்டும்; முளைப்பாரி விழாவுக்கு முந்திய மாலைகளில் ஊர்ப்பெண்கள் வட்டமிட்டுக் கும்மி பழகும்போது, சிறுமியரின் குறுநடைக்கும் மூத்தோரின் நெடுநடைக்கும் நடுவே ஒரு வேகம் உருவாவதைக் காணலாம். அதை எவரும் அறிவிப்பதில்லை. ஒப்பாரி இதற்கெல்லாம் விலக்கு. அங்கே அழுபவரின் மூச்சே அளவு, அதற்குத் தாளம் போட்டுக் கற்பிக்க முயலாதிருப்பதே நல்லது.

ஏற்றம் மறைந்துவிட்டது, நடவு இயந்திரமும் வந்துவிட்டது. வேலை போனபின் மெட்டுக்குக் காலம் கொடுப்பவர் எவர் என்பதுதான் உண்மையான சிக்கல். இம்மாவட்டமே அதற்கு ஒருமுறை விடை கண்டது. 1991இல் தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின்போது, கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். பாட்டே அவர்களை வகுப்புக்கு அழைத்தது, சைக்கிள் கற்பதைப் பற்றி முத்து பாஸ்கரன் எழுதிய பாட்டு மாவட்டமெங்கும் பரவியது. பகல் முழுதும் உழைத்தவர்கள் இரவில் விளக்கொளியில் கூடிப் பாடும்போது அந்தப் பாட்டுக்கு அவர்களுடைய களைப்பும் உற்சாகமும் சேர்ந்தே காலம் கொடுத்திருக்கும். பள்ளிப் போட்டிகளுக்காகப் பதிவுசெய்த பின்னணி இசையை ஓடவிட்டு அதன்மேல் நாட்டுப்புறப் பாடலைப் பாடச் சொல்லும் இன்றைய வழக்கம் வருத்தத்துக்குரியது இக்காரணத்தால்தான். அந்தப் பின்னணி இசை காலத்தைக் கொடுக்கும், ஆனால் வாங்காது. பாடும் குழந்தைக்கு மூச்சு முட்டினாலும் அது காத்திருப்பதில்லை. தப்போ உறுமியோ வாசிக்கத் தெரிந்தவர்கள் இம்மாவட்டத்து ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரை அழைத்துக் குழந்தையின் அருகில் நிறுத்தி, அவள் வாயைப் பார்த்து அடிக்கச் சொல்வதற்குப் பள்ளிகளுக்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.